ஆட்டம் நின்றால் என்ன செய்வீர்கள்?



இந்த வாரம் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன சம்பவம்.

2025 மே 8-ஆம் தேதி இரவு. தர்மசாலாவில் பஞ்சாப் அணிக்கும் டெல்லி அணிக்கும் ஐ.பி.எல். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பத்து ஓவர் முடிந்து ஒரே ஒரு பந்து வீசியிருந்தார்கள். மைதானத்தின் விளக்குகள் அணைய ஆரம்பித்தன. ஆட்டம் அப்படியே கைவிடப்பட்டது. மறுநாள், போட்டிகள் முழுவதும் ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஆறாம் வகுப்பு முடித்திருந்தான். கோடை விடுமுறை வேறு. ரிமோட்டை சோபாவில் வீசிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

""என்ன டீச்சர் பாட்டி இது! ஸ்கூலும் இல்லை, மேட்சும் இல்லை. நான் என்னதான் பண்றது?'' என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைய செய்தித்தாளின் முதல் பக்கத்தை அவன் கையில் கொடுத்தேன். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே மோதல் மூண்டிருந்த நேரம் அது. எல்லையோர ஊர்களில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. குண்டு விழுமோ என்று பயந்து, பல குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வேறு ஊர்களுக்குப் போயிருந்தன. ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவன் நிதானமாகப் படித்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ""அந்த ஊர்ப் பசங்களும் மேட்ச் பார்ப்பாங்களா பாட்டி?'' என்று கேட்டான்.

""பார்ப்பார்கள் கண்ணா. அவர்களும் உன்னைப்போல ரசிகர்கள்தானே!'' என்றேன்.

அதற்குப் பிறகு அவன் கோபப்படவில்லை. மே 17-ஆம் தேதி பெங்களூருவில் போட்டிகள் மறுபடி தொடங்கும் என்றார்கள். ஆசையாக உட்கார்ந்தால்... மழை! ஒரு பந்துகூட வீசாமல் அந்த ஆட்டமும் கைவிடப்பட்டது. அவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன்.

சரி, இப்போது கேள்வி. நீங்கள் ஆசையாகப் பார்க்கும் ஆட்டம் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?

செல்வங்களே, உலகம் முழுவதும் ஏறக்குறைய எல்லா விளையாட்டுகளும் நின்றுபோன ஒரு வருஷம் உண்டு. அது 2020. உங்களில் பெரியவர்களுக்கு லேசாக நினைவிருக்கும். கொரோனா என்ற கொடிய நோய் பரவியது. மார்ச் 29-ஆம் தேதி தொடங்க வேண்டிய ஐ.பி.எல்., செப்டம்பர் 19-ஆம் தேதிதான் தொடங்கியது. அதுவும் நம் நாட்டில் அல்ல, ஐக்கிய அரபு அமீரகத்தில்! டோக்கியோ ஒலிம்பிக் ஒரு வருஷம் தள்ளிப்போனது. விம்பிள்டன் டென்னிஸ் ரத்து ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 1934-ல் தொடங்கிய நம் ரஞ்சிக் கோப்பை, உலகப் போர்க் காலத்தில்கூட நிற்காதது, அந்தப் பருவத்தில் நடக்கவே இல்லை.

அப்போது ரசிகர்கள் எப்படிப் பொழுதைப் போக்கினார்கள் தெரியுமா? கேட்டால் வேடிக்கையாக இருக்கும்!

ஆண்ட்ரூ காட்டர் என்று ஒரு வர்ணனையாளர். பி.பி.சி.யில் விளையாட்டு வர்ணனை செய்பவர். ஆட்டம் இல்லாததால் வேலையும் இல்லை. அவர் வீட்டில் ஆலிவ், மேபல் என்று இரண்டு நாய்கள். இரண்டும் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. யார் முதலில் தட்டைக் காலி செய்வது என்று, ஒலிம்பிக் இறுதிப் போட்டிபோல அதற்கு வர்ணனை செய்து படம் பிடித்து வெளியிட்டார். உலகமே அதைப் பார்த்துச் சிரித்தது.

நெதர்லாந்து நாட்டில் இரண்டு சகோதரர்கள். அவர்களுடைய ஆட்டம் என்ன தெரியுமா? கோலிக்குண்டு! வளைந்து நெளிந்து செல்லும் பாதை செய்து, அதில் வண்ண வண்ணக் கோலிகளை உருட்டிப் பந்தயம் நடத்துவார்கள். ஒவ்வொரு நிறமும் ஓர் அணி. வர்ணனையும் உண்டு. பல வருஷங்களாகவே அவர்கள் இதைச் செய்துவந்தாலும், 2020-ல் இன்னும் நிறையப் பேர் பார்க்க ஆரம்பித்தார்கள். நம் ஊர்த் தெருவில் ஆடுகிற கோலிக்கு இவ்வளவு மவுசு!

ஜெர்மனியில் மே மாதம் கால்பந்து மறுபடி தொடங்கியது. ஆனால் மைதானத்துக்குள் ரசிகர்களை விடவில்லை. ஒரு மன்றத்தின் ரசிகர்கள் ஆளுக்கு 19 யூரோ கொடுத்தார்கள். அவர்களுடைய உருவத்தை அட்டையில் அச்சடித்து, இருக்கைகளில் நிற்க வைத்தார்கள். ஆள் வீட்டில், அட்டை மைதானத்தில்! தைவான் நாட்டில் பேஸ்பால் ஆட்டத்துக்கு, ரோபோக்கள் முரசு அடித்து உற்சாகப்படுத்தின.

நம் விஸ்வநாதன் ஆனந்த் கதையையும் சொல்ல வேண்டும். சதுரங்கப் போட்டிக்காக ஜெர்மனி போனவர், விமானங்கள் நின்றுபோனதால் அங்கேயே மாட்டிக்கொண்டார். மே மாதக் கடைசியில்தான் ஊர் திரும்ப முடிந்தது. குடும்பத்தைப் பிரிந்து தனியாக இருந்த அந்த நாட்களில் அவர் சும்மா இருக்கவில்லை. ரஷ்யாவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டிக்கு, ஜெர்மனியில் இருந்தபடியே இணையம் வழியாக வர்ணனை செய்தார். அந்தப் போட்டியும் ஏழு சுற்றுகளோடு மார்ச் 26-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. எட்டாவது சுற்று எப்போது நடந்தது தெரியுமா? 2021 ஏப்ரலில்! அடுத்த சுற்றைப் பார்க்க ரசிகர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் ஏராளமானவர்கள் தாங்களே சதுரங்கம் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் ஆசிரியையாக இருந்த காலத்தில், வகுப்பில் ஒரு பெரிய தொல்லை உண்டு. புத்தக கிரிக்கெட்! உங்களுக்கும் தெரிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறக்க வேண்டும். இடது பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். 2 வந்தால் இரண்டு, 4 வந்தால் நான்கு, 6 வந்தால் சிக்ஸர். 8 வந்தால் எங்கள் ஊரில் ஒரு ரன். 0 வந்தால் அவுட்!

மழைக்காலத்தில் மைதானம் சேறாகிவிடும். விளையாட்டு வகுப்பு கிடையாது. பையன்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து திறந்து மூடுவார்கள். எத்தனை புத்தகங்களைப் பிடுங்கி மேஜையில் வைத்திருக்கிறேன்!

ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் ஒரு நோட்டைப் பிடுங்கினேன். திருப்பிப் பார்த்தேன். எட்டு அணிகள், ஒவ்வோர் அணிக்கும் பதினொரு பேர், ஒரு மாத ஆட்டத்தின் ஸ்கோர். ஒவ்வொருவருக்கும் சராசரி போட்டிருந்தான். தசமப் புள்ளி இரண்டு இடம் வரை! நான் உட்கார்ந்து சரிபார்த்தேன். ஒரு தப்புகூட இல்லை. அந்தப் பையன்தான் முந்தின வாரத் தேர்வில் சராசரிக் கணக்கைத் தொடாமல் விட்டவன். விடைத்தாளில் பெரிய சுழி போட்டுக் கொடுத்தவள் நான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கணக்கு அவனுக்கு வரும். நான் கேட்ட விதத்தில்தான் வரவில்லை! மறுநாள் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வாரம் முழுவதும் புத்தக கிரிக்கெட்டை வைத்துத்தான் சராசரி நடத்தினேன். நீங்களும் செய்து பாருங்கள்.

பெரும்பாலான புத்தகங்களில் இடது பக்க எண் இரட்டைப்படை. அதனால் வரக்கூடியவை 0, 2, 4, 6, 8 என்ற ஐந்துதான். நூறு தடவை திறந்தால், ஒவ்வொன்றும் சுமார் 20 தடவை வரும். ரன்களைக் கூட்டுவோம். 2, 4, 6, பிறகு 8-க்கு 1. ஆக 13. இருபது தடவை என்றால் 260 ரன். இருபது பேர் அவுட். 260-ஐ 20-ஆல் வகுத்தால் 13. அதாவது ஓர் ஆட்டக்காரரின் சராசரி 13 ரன்! பத்து விக்கெட்டுக்கு 130. உங்கள் அணி 130-க்கு மிக அதிகமாக எடுத்தால் அதிர்ஷ்டம் என்று அர்த்தம். இல்லாவிட்டால், ஒரே இடத்தில் திறந்து பழகிய பழைய புத்தகத்தை வைத்து ஆடுகிறீர்கள் என்று அர்த்தம்!

ஆட்டம் நின்ற நேரத்தில் யோசித்து, பெயர் வாங்கியவர்களும் உண்டு.

1992 மார்ச் 22, சிட்னி. உலகக் கோப்பை அரையிறுதி. தென்னாப்பிரிக்கா ஜெயிக்க 13 பந்தில் 22 ரன் தேவை. மழை வந்தது. சில நிமிடங்களில் நின்றது. அன்றைய விதிப்படி கணக்குப் போட்டார்கள். ஒரே பந்தில் 21 ரன் எடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது! யாரால் முடியும்? இங்கிலாந்து ஜெயித்தது. ""இதைவிட நியாயமான வழியை யாராவது கண்டுபிடிக்கக் கூடாதா?'' என்று வானொலி வர்ணனையாளர் ஒருவர் அங்கலாய்த்தார். அதைக் கேட்ட ஃப்ராங்க் டக்வொர்த் என்ற ஆங்கிலேயப் புள்ளியியல் நிபுணருக்கு, இது ஒரு கணக்குதானே என்று தோன்றியது. டோனி லூயிஸ் என்பவரோடு சேர்ந்து புதிய முறையை உருவாக்கினார். 1997 ஜனவரி 1-ஆம் தேதி அது முதன்முதலாகப் பயன்பட்டது. டக்வொர்த்-லூயிஸ் முறை அதுதான். பிறகு ஸ்டெர்ன் என்பவர் அதைத் திருத்தியதால், இப்போது டி.எல்.எஸ். என்கிறோம்.

ஆட இன்னொருவர் இல்லாதபோது பழகியவர் ஒருவர். ஆஸ்திரேலியாவின் பவ்ரல் என்ற சிறிய ஊரில் வளர்ந்த சிறுவன் அவர். வீட்டுப் பின்புறம் தண்ணீர்த் தொட்டி. அதைத் தாங்கும் வளைந்த செங்கல் சுவரில் கோல்ஃப் பந்தை எறிவார். அது எந்தப் பக்கம் திரும்பி வரும் என்று சொல்லவே முடியாது. அதை மட்டையால் அல்ல, ஒரு ஸ்டம்பால் அடிப்பார்! மணிக்கணக்கில் தனியாக ஆடிய அந்தச் சிறுவன்தான் டான் பிராட்மேன். டெஸ்ட் ஆட்டங்களில் அவருடைய சராசரி 99.94.

செல்வங்களே, நான் சொல்ல வருவது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆட்டம் நின்றதும் கோபப்பட்டு, கைபேசியைத் தூக்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் விரலைத் தேய்ப்பது ஒரு வழி. அதைவிட மோசம், பணம் கட்டி ஆடச் சொல்லும் ஆட்டங்கள். பெரியவர்களே அதில் விழுந்து கடனாளி ஆகிறார்கள். அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

இன்னொரு வழி, பார்த்த ஆட்டத்தை ஆடிப் பார்ப்பது. மழை என்றால் வீட்டுக்குள் புத்தக கிரிக்கெட், சதுரங்கம், பல்லாங்குழி, தாயம். வெயில் என்றால் தெருவில் கோலி, பம்பரம். தாத்தாவைக் கூப்பிட்டு, அவர் வானொலியில் கேட்ட ஒரு பழைய ஆட்டத்தைச் சொல்லச் சொல்லுங்கள். யாரும் கேட்பதில்லையே என்று அவர் ஏங்கிக்கொண்டிருப்பார்.

கடைசியாக ஒன்று. ஆட்டம் ஏன் நின்றது என்று கேட்க மறக்காதீர்கள். மழை, நோய், சண்டை... காரணம் எதுவாக இருந்தாலும், அதனால் நம்மைவிட அதிகம் கஷ்டப்படுகிறவர்கள் எங்கோ இருப்பார்கள். மைதானத்துக்கு வெளியே கொடியும் தொப்பியும் விற்று அன்றாடம் பிழைப்பவருக்கு, அன்று அடுப்பு எரியாது. நமக்கு நின்றது ஆட்டம் மட்டும்தான். அது என்றாவது மறுபடி தொடங்கிவிடும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அந்த ஒரு வாரத்தில் என்ன செய்தான் தெரியுமா? என்னிடம் புத்தக கிரிக்கெட் கற்றுக்கொண்டான். மூன்று ஆட்டத்தில் இரண்டில் என்னைத் தோற்கடித்தான். நோட்டில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறான்!

அடுத்த முறை ஆட்டம் நின்றால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு தபால் அட்டையில் எனக்கு எழுதுங்கள். புத்தகத்தை நூறு தடவை திறந்து பார்த்து, சராசரி 13 வருகிறதா என்றும் எழுதுங்கள். காத்திருப்பேன்.

அடுத்த வாரம் சந்திப்போமா?

அன்புடன்,
டீச்சர் பாட்டி