இல்லத்தில் செய்து மகிழ்வோம்: இருட்டுப் பெட்டிக்குள் ஒரு வீதி



ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்கள் இக்காட்சியை அறிவார்கள். உச்சி வெயில் வேளையில், கூரை ஓட்டின் சிறு இடுக்குகள் வழியே நுழையும் ஒளி, தரையில் வெள்ளிக்காசுகளைப் போல வட்டம் வட்டமாக விழும். தவழும் குழந்தை அக்காசைப் பிடிக்கக் கை நீட்டும். காசோ குழந்தையின் கைமீது ஏறிக்கொள்ளுமேயன்றிப் பிடிபடாது. ஓட்டின் இடுக்கு கோணல்மாணலாக இருக்க, அதன் வழியே வரும் ஒளி மட்டும் வட்டமாக விழுவது ஏன்? விடை வியப்பானது. தரையில் விழும் அவ்வட்டம் கதிரவனின் உருவமேயாகும்.

சிறு துளையின் வழியே புகும் ஒளி, வெளியே உள்ள பொருளின் உருவத்தையும் தன்னோடு சுமந்து வருகிறது. இவ்வுண்மையைக் கண்ணாரக் காண்பதற்குக் காசு செலவழித்து ஒன்றும் வாங்க வேண்டுவதில்லை. ஒரு விடுமுறை நாளின் பிற்பகலும், வீட்டில் கிடக்கும் சில பொருள்களும், பெற்றோரின் பொறுமையும் இருந்தால் போதும். இத்திங்கள் நாம் செய்யவிருப்பது ஊசித்துளைப் பெட்டி.

தேவையானவை இவை: காலணி வாங்கியபோது கிடைத்த அட்டைப்பெட்டி ஒன்று, கெட்டி அட்டைத்தாள் ஒன்று, சிறு துண்டு அலுமினியத் தாள், மெல்லிய வெள்ளைத் தாள், சிறிது தேங்காய் எண்ணெய், கறுப்புத் தாள், பசை, ஒட்டு நாடா, தையல் ஊசி, கத்தரிக்கோல்.

முதலில் பெட்டியின் உட்புறம் முழுவதும் கறுப்புத் தாளை ஒட்டுங்கள். பெட்டியின் குறுகிய பக்கங்களுள் ஒன்றின் நடுவே, இரண்டு விரல் அகலத்தில் சதுரமாக வெட்டியெடுங்கள். அவ்விடத்தை அலுமினியத் தாளால் மூடி, ஒளி கசியாதபடி நான்கு ஓரங்களையும் ஒட்டுங்கள். தாளின் நடுவில் ஊசி முனையால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலத்திற்கு ஒரே ஒரு துளை இடுங்கள். எதிரேயுள்ள குறுகிய பக்கத்தை முழுவதுமாக நீக்கிவிட்டு, மூடியை மூடி நாடாவால் ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, கெட்டி அட்டைத்தாளை மடித்து, இப்பெட்டிக்குள் இழுப்பறை போல முன்னும் பின்னும் நகரக்கூடிய குழாய் ஒன்றைச் செய்யுங்கள். நீளம் 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். இதன் உட்புறத்தையும் கறுப்பாக்குங்கள். வெள்ளைத் தாளில் தேங்காய் எண்ணெயைத் தடவித் துடைத்தால், அது ஒளி ஊடுருவும் திரையாகிவிடும். அத்திரையைக் குழாயின் ஒரு முனையில் விறைப்பாக ஒட்டி, அம்முனை துளையை நோக்கியிருக்குமாறு குழாயைப் பெட்டிக்குள் செருகுங்கள். கருவி முடிந்தது.

வெயில் நன்றாக விழும் வீதியை நோக்கித் துளையை வைத்து, குழாயின் திறந்த முனையில் கண்களைப் பதித்து, தலைமீது போர்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் கண் இருளுக்குப் பழகும். அப்போது திரையில் எதிர்வீட்டுத் தென்னை தலைகீழாக நின்று ஆடும். மிதிவண்டியில் செல்பவர் சக்கரம் மேலும் தலை கீழுமாகப் போவார். இடமிருந்து வலம் செல்பவர் வலமிருந்து இடம் செல்வதாகத் தோன்றுவார். அத்தனையும் வண்ணத்தோடும் அசைவோடும் தெரியும்! ‘எனக்கு, எனக்கு’ என்று பிள்ளைகள் போர்வைக்குள் முண்டியடிப்பதைக் காணும்போது, தாத்தாவும் பாட்டியும்கூடத் தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள்.

தலைகீழாவது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒளி நேர்க்கோட்டில் செல்வது. மரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி துளையைக் கடந்து கீழே இறங்குகிறது. அடியிலிருந்து வரும் ஒளி மேலே ஏறுகிறது. நம் கண்ணின் உட்திரையிலும் உருவம் இவ்வாறே தலைகீழாக விழுகிறது. அதை நிமிர்த்திப் பொருள்கொள்வது மூளையின் வேலை. குழாயைப் பின்னே இழுத்தால் உருவம் பெரிதாகி மங்கும். உள்ளே தள்ளினால் சிறிதாகிப் பளிச்சிடும். துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், தெளிவு குறையும். பக்கத்தில் இன்னொரு துளை இட்டால் என்ன ஆகும்? அதை இங்கே சொல்லமாட்டேன். பிள்ளைகளே இட்டுப் பார்க்கட்டும்.

பெட்டியில் கண்டதை ஓர் அறை முழுவதிலும் காணலாம். சன்னல்களை எல்லாம் கெட்டி அட்டையாலும் போர்வையாலும் மறைத்து, வீதிப்புறத்து அட்டையில் 1 சென்டிமீட்டர் அகலத்தில் துளையிடுங்கள். சன்னல் மேற்கு நோக்கியதாயின் காலையிலும், கிழக்கு நோக்கியதாயின் மாலையிலும் எதிரேயுள்ள காட்சியின்மீது வெயில் நேராக விழும். அதுவே தக்க வேளை. அப்பாவின் வெள்ளை வேட்டியைத் துளைக்கு எதிரே விரித்துப் பிடித்தால், வீதியே வேட்டியில் வந்து தொங்கும்.

இது பழமையான அறிவு. பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் என்னும் அறிஞர், சற்றொப்ப ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இருட்டறையில் ஒளியின் போக்கை ஆராய்ந்தார். 1604-ஆம் ஆண்டில் வானியலறிஞர் கெப்ளர் இதனை ‘கேமரா அப்ஸ்குரா’ என்று குறித்தார். இலத்தீன் மொழியில் அதற்கு இருட்டறை என்பதே பொருள். இன்று நம் கைப்பேசியில் உள்ள ‘கேமரா’வுக்குப் பெயர் வந்தது இந்த அறையிலிருந்துதான்.

மேல்வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு வேலை உண்டு: கதிரவனை அளப்பது! வெயில் நேராக விழும் சன்னலின் அட்டையில் ஊசித்துளை இட்டு, 2 மீட்டர் தொலைவில் ஒளிக்கு நேர் எதிராக வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். அதில் விழும் வட்டத்தின் குறுக்களவு 18 அல்லது 19 மில்லிமீட்டர் இருக்கும். அதாவது, தொலைவில் ஏறத்தாழ 108-இல் ஒரு பங்கு. கதிரவனுக்கும் நமக்கும் இடையேயுள்ள தொலைவு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். அதனை 108-ஆல் வகுத்தால் 14 இலட்சத்தை ஒட்டிய விடை வரும். கதிரவனின் குறுக்களவு கிலோமீட்டரில் ஏறத்தாழ அதுவே! பள்ளிக்கூடத்து அளவுகோலைக் கொண்டு கதிரவனை அளந்த பிள்ளை, கணக்குப் பாடத்தைக் கண்டு அஞ்சுமா?

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கோவை, திண்டுக்கல் முதலிய ஊர்களில் வளைய சூரிய கிரகணம் தோன்றியபோது, மரநிழல்களில் இலை இடுக்கு வழியே விழுந்த ஒளி வளையல் வளையலாகத் தெரிந்ததும் இக்காரணத்தாலேயே. 2031-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் மற்றுமொரு வளைய கிரகணம் தென்தமிழகத்தில் தோன்றவுள்ளது. இன்று பெட்டி செய்யப் பழகும் சிறுவர், அன்று தம் தெருவுக்கே வழிகாட்டலாம்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. துளை வழியாகவோ வேறெவ்வாறோ கதிரவனை நேராகப் பார்க்கவே கூடாது. அது கண்ணின் உட்திரையைச் சுட்டுவிடும். சுடும்போது வலி தெரியாது என்பதே பேராபத்து. கதிரவனுக்கு முதுகைக் காட்டி நின்று, தாளில் விழும் உருவத்தை மட்டுமே காண வேண்டும். பெட்டியையும் கதிரவனை நோக்கித் திருப்பலாகாது.

இறுதியாக, பெற்றோர்களுக்கு ஒரு சொல். பிள்ளை வெட்டிய ஓரம் கோணலாகத்தான் இருக்கும். பசை கையெல்லாம் ஒட்டும். முதல் முறை திரையில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அப்போது ‘தள்ளு, நானே செய்கிறேன்’ என்று பெட்டியை வாங்கிவிடாதீர்கள். பெட்டி அழகாக முடியும். ஆனால் அது உங்கள் பெட்டியாகிவிடும். ஒளி எங்கே கசிகிறது என்று பிள்ளையே தேடிக் கண்டுபிடித்து அடைக்கட்டும். கூர்மையான கருவியைக் கையாளும்போது மட்டும் அருகிலிருந்து காத்துக்கொள்ளுங்கள். சிறியவனுக்கு எண்ணெய் தடவும் வேலை, பெரியவளுக்கு அளக்கும் வேலை, பாட்டிக்குத் தையற்பெட்டியிலிருந்து தக்க ஊசியைத் தேர்ந்து தரும் வேலை என ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்.

கடையில் வாங்கிய பொம்மை உடைந்தால் வேறொன்று கேட்டு அழும் குழந்தை, தான் செய்தது உடைந்தால் பசையைத் தேடி ஓடும். தன் கைகளை நம்பும் அப்பழக்கம், பிற்காலத்தில் வேலை கைவிட்டுப் போன நாளிலும், திட்டம் குலைந்த நாளிலும் அவனோடு இருக்கும். அதற்கான விதையை ஒரு விடுமுறைப் பிற்பகலில், போர்வைக்கடியில், சிரித்துக்கொண்டே ஊன்றிவிடலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்களேன்!