ஆயுள் முடிந்துவிட்டதாம்!

"நாட்டில் கண்டிக்க வேண்டிய விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன. கதை எழுதுகிற நீர் போயும் போயும் ஒரு ஷேவரோடு சண்டைக்குப் போகிறீரே!" என்றார் நண்பர் ஒருவர். ஷேவரோடு எனக்குச் சண்டை இல்லை, ஐயா! ஷேவர் என் கட்சி. அதைச் சாகும்படி செய்து விற்றவர்களோடுதான் என் வழக்கு.

2017-இல் என் தகப்பனாருக்குப் பாரிச வாயு வந்து வலது கை விழுந்துவிட்டது. ஐம்பது வருஷமாக விடியற்காலையில் தம் கையாலேயே சவரம் செய்துகொண்டு பழகிய மனிதர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேறு. பிளேடு சற்றே கீறினாலும் ரத்தம் லேசில் நிற்காது. "பிளேடு வேண்டாம், மின்சார ஷேவர் வாங்கிக் கொடுங்கள்" என்றார் டாக்டர். மூன்று வட்டத் தலைகள் உள்ளே சுழலுமே, அந்த ரகத்தில் ஒன்று வாங்கி வந்தேன். மறுநாள் காலையில் அப்பா இடது கையால் அதைப் பிடித்துத் தாமே சவரம் செய்துகொண்டார். மோவாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே!" என்றார். வியாதி வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் திருப்தியான வார்த்தை அதுதான்.

அன்று முதல் அந்த யந்திரத்தின்மேல் எனக்கு ஒரு மரியாதை. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டபின் மரியாதை பக்தியாகவே மாறிவிட்டது.

பிளேடு செய்வது சீவுகிற வேலை. ஷேவர் செய்வது கத்தரிக்கோலின் வேலை. ஒவ்வொரு தலைக்கும் மேலே ஒரு வட்ட மூடி. அதன் தகடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அதில் நுண்ணிய கீற்றுகள் வெட்டியிருக்கும். மயிர் நுழையும் அளவுக்கு அகலம், தோல் பிதுங்கி உள்ளே வராத அளவுக்குக் குறுகல். மூடிக்கு அடியில் கத்திச் சக்கரம் சுற்றுகிறது. கீற்றின் ஓரம் ஓர் அலகு, சக்கரத்தின் கத்தி இன்னோர் அலகு. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட மயிர் துண்டாகிறது. தோலின்மேல் கத்தி படுவதே இல்லை. நடுங்குகிற இடது கையில் அதைத் தைரியமாகக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம் இதுதான்.

தையற்காரரைக் கேட்டுப் பாருங்கள். கத்தரிக்கோலின் ஆணி தளர்ந்தால் துணி வெட்டுப்படாது, மடிந்து மாட்டிக்கொள்ளும். இங்கும் அதே கதைதான். சக்கரம் மூடியோடு ஒட்டி ஓடாவிட்டால் மயிர் மடிந்து இழுபடும், வலிக்கும். அதிகமாக அழுத்தினாலோ சூடேறும், தேயும். அந்த நடுத்தரத்தைக் காப்பது ஒரு சின்னச் சுருள்வில். மோட்டார் நடுவிலுள்ள பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அது மூன்று பல்சக்கரங்களைச் சுற்றுகிறது. அவை வில்லின்மேல் உட்கார்ந்த மூன்று தண்டுகளைச் சுற்றுகின்றன. கன்னம் மேடானாலும் பள்ளமானாலும் தலைகள் அதற்கேற்பச் சாய்ந்து கொடுக்கின்றன.

இதில் நான் ஒரு தடவை முட்டாள்தனம் செய்தேன். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று மூன்று சக்கரங்களையும் ஒன்றாகக் கழற்றிக் கழுவி, கைக்கு வந்தபடி மாட்டிவிட்டேன். மறுநாள் அப்பா, "என்னடா, பிடுங்குகிறதே?" என்றார். யந்திரத்தைத் திட்டினேன். பிறகு கையேட்டைப் படித்தேன். ஒவ்வொரு சக்கரமும் தன் மூடியோடு உரசி உரசி அதற்கேற்பத் தேய்ந்து, ஜோடியாகவே கூர்மை பெறுகிறதாம். ஜோடியை மாற்றிவிட்டால் மறுபடி இணங்கி வரச் சில வாரங்கள் பிடிக்குமாம்! அந்தக் குற்றம் முழுக்க என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன். என் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் பிறர் குற்றத்துக்கு வருகிறேன்.

இந்தச் சுழலும் தலையைக் கண்டவர் அலெக்ஸாந்தர் ஹோரோவிட்ஸ் என்ற எஞ்ஜினீயர். ஹாலந்து தேசத்தில் பிலிப்ஸ் கம்பெனியில் வேலை செய்தவர். அவருக்கு முன்பே, 1931-இல், அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் என்பவர் மின்சார ஷேவரை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் அதில் கத்தி இப்படியும் அப்படியும் ஓடும். ஒவ்வொரு கோடியிலும் நின்று திரும்ப வேண்டும். மோட்டாரோ சுற்றுகிற பிறவி. சுற்றுகிறதை ஏன் ஆட்டமாக மாற்ற வேண்டும், சுற்றியே வெட்டினால் என்ன? இந்த எளிய கேள்விக்குப் பதிலாகத்தான் 1939-இல் உட்ரெக்ட் நகரத்துச் சந்தையில் 'பிலிஷேவ்' வந்தது. பேக்கலைட்டில் செய்த உருளை, நுனியில் ஒரே ஒரு தலை. மறு வருஷமே ஜெர்மன் சைனியம் ஹாலந்துக்குள் நுழைந்துவிட்டது. யுத்தம் முடிந்தது, 1951-இல் இரண்டு தலையாயிற்று, 1966-இல் மூன்றாயிற்று. 1980-ஐ ஒட்டி இன்னொரு யுக்தி சேர்ந்தது. ஒவ்வொரு கத்திக்கும் முன்னால் ஒரு மழுங்கல் அலகு. அது மயிரைச் சற்றே தூக்கிக் கொடுக்கும், பின்னால் வரும் கத்தி வெட்டும், மிச்சம் தோலுக்குள் இறங்கிக்கொள்ளும்.

எண்பது வருஷத்துக்கு மேலாக எத்தனை மூளைகள் இதில் உழைத்திருக்கின்றன! மூலக் காப்புரிமைகள் காலாவதியானபின் யார் யாரோ இந்தத் தலையைச் செய்து விற்கிறார்கள். என் வீட்டுக்கு வந்தது அப்படி யாரோ செய்த ஒன்று. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஒருவர்தான் பாவி என்று நினைத்துவிடுவீர்கள்.

2022-இல் ஒரு நாள் காலை அது பாதிக் கன்னத்தில் நின்றுவிட்டது. சார்ஜ் ஏற்றினால் இரண்டு நிமிஷம் ஓடும், நிற்கும். மின் கம்பியைச் செருகியபடியே ஓட்டலாமென்றால் ஓடாது. ஈரக் கையோடு பிடிக்கிற சாமானாதலால் பத்திரத்துக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அது நியாயமே. ஆனால் அதன் அர்த்தம், பாட்டரி செத்தால் யந்திரமும் சாக வேண்டும் என்பது.

கம்பெனியின் பழுது நிலையத்துக்குப் போனேன். பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

"பாட்டரி போயிடுச்சு, சார்."

"மாற்றிக் கொடு, தம்பி."

"இதுல பாட்டரி மாத்த முடியாது, சார். ஆயுள் முடிஞ்சிடுச்சு. புதுசு வாங்கிக்குங்க."

"மோட்டார் நன்றாயிருக்கிறதா?"

"நல்லாயிருக்கு, சார்."

"பல்சக்கரம்?"

"அதுவும் நல்லாயிருக்கு."

"பிறகு யாருக்கப்பா ஆயுள் முடிந்தது?"

பையன் சிரித்தான். அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

லிதியம் பாட்டரி சில நூறு தடவை ஏறி இறங்கினால் தளரும். அது ரசாயனத்தின் இயற்கை. யந்திரத்தைச் செய்தவருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். முதலில் சாகப் போகும் உறுப்பு எதுவென்று தெரிந்தே அதைப் பற்றவைத்து, மேலே ஒட்டி, திறக்க வழியில்லாமல் மூடியிருக்கிறார். அதே யந்திரத்தில் தலைகளை மட்டும் குழந்தைகூடக் கழற்றலாம்! இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுத் தலைகள் வாங்குங்கள் என்று கையேட்டில் உபதேசம் வேறு. விற்க வேண்டியதைக் கழற்றும்படி செய்யத் தெரிந்தவருக்கு, வாங்கியவன் கழற்ற வேண்டியதைக் கழற்றும்படி செய்யத் தெரியாதாம். இதை எஞ்ஜினீயரின் தோல்வி என்று நான் நம்பத் தயாரில்லை. கணக்குப்பிள்ளையின் வெற்றி என்றுதான் சொல்வேன்.

"தண்ணீர் புகாமலிருக்க வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டும். கைக்கடிகாரத்துக்கும் தண்ணீர் ஆகாது. அதன் பின்மூடியைத் திறந்து பாட்டரி மாற்றி, ரப்பர் வளையத்தை வைத்து மறுபடி மூடித் தருகிறாரே கடிகாரக் கடைக்காரர், எப்படி? தீப்பிடிக்கும் என்கிறார்கள். உண்மை. கத்தி பட்டால் லிதியம் பாட்டரி தீப்பிடிக்கும். வாசகர்கள் யாரும் வீட்டில் நெம்பிப் பார்க்க வேண்டாம். ஆனால் ஆபத்து திறப்பதில் இல்லை. நெம்பினால்தான் திறக்கும் என்று செய்து வைத்ததில் இருக்கிறது.

2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பாட்டரிச் சட்டம் செய்தது. சிறு கருவிகளின் பாட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி. அமலுக்கென்று குறித்த தேதி 2027 பிப்ரவரி 18. நீர் படும் இடத்திலேயே பெரும்பாலும் இயங்குவதற்கென்று அமைந்த, கழுவக்கூடிய கருவிகளுக்குச் சலுகை உண்டு. ஆனால் என்ன சலுகை? வாங்கியவருக்குப் பதில் வெளியிலுள்ள தொழில் தெரிந்தவர் மாற்றும்படியாவது இருக்க வேண்டும் என்பதுதான். கடைசி உருப்படி விற்பனைக்கு வந்தபின் குறைந்தது ஐந்து வருஷம் மாற்றுப் பாட்டரி நியாய விலைக்குக் கிடைக்கவும் வேண்டும். நம் மத்திய அரசும் 2022-இல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு வைத்து, ஒரு வலைத்தளமும் திறந்தது. தகவல் தருவது நல்ல காரியமே. ஆனால் தகவலை ஷேவருக்குள் வைத்து ஸ்விட்சைத் தட்டினால் அது சுற்றாது. பாட்டரி வேண்டும்.

எங்கள் தெருக்கோடியில் ரேடியோ ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் பொறுமையாக மூடியைப் பிரித்தார். மூடி ஓரத்தில் விரிந்துவிட்டது. பழைய பாட்டரியை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்தார். பாட்டரியும் கூலியுமாக, புது ஷேவரின் விலையில் எட்டில் ஒரு பங்கு ஆயிற்று. "சார், இனிமே இதைத் தண்ணியில காட்டாதீங்க. பிரஷ்ஷால தட்டிக்குங்க" என்று சொல்லிக் கொடுத்தார்.

இடையில் ஒன்பது நாள் நான்தான் சேப்டி ரேஸரால் அப்பாவுக்குச் சவரம் செய்தேன். பயந்து பயந்து செய்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தார். முடிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஷேவர் வந்த அன்று, நான் உதவிக்குப் போனபோது இடது கையை நீட்டி, "கொடு, எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த வார்த்தையைத்தான் பசை போட்டு மூடி வைத்திருந்தார்கள். நான் கேட்பது பெரிய தர்மம் ஒன்றும் இல்லை. நாலு ஸ்குரூ, ஒரு ரப்பர் வளையம், கடையில் கிடைக்கிற பாட்டரி. இதைக்கூடத் தர மாட்டோம் என்கிறவர்கள், அடுத்த விளம்பரத்தில் ஆயுள் என்ற வார்த்தையை மட்டும் உச்சரிக்காமல் இருக்கட்டும்!