மண்ணின் குற்றமா?

தோழரே!

“அரபு மண்ணிலே மக்களாட்சி முளைக்காது, இஸ்லாம் அதற்கு இடந்தராது” என்று தீர்ப்பளிக்கும் திருவாளர்கள் உண்டு. மெத்தப் படித்தவர்கள், மேதினி சுற்றியவர்கள்! அவர்களை ஒன்று கேளுங்கள்: துனீசியாவில் முளைத்ததே, அது என்ன?

2010 டிசம்பர் 17. சிடி பூசிட் எனும் ஊர். பழம் விற்றுப் பிழைத்த இளைஞன் முகமது பூவசீசியின் சரக்கையும் தராசையும் அதிகாரிகள் பறித்தனர். முறையிடச் சென்றான், கேட்பாரில்லை. தன்னுடலில் தானே தீ மூட்டிக்கொண்டான். அந்தத் தீ, 23 ஆண்டுகள் ஆண்ட பென் அலியை 2011 ஜனவரி 14 அன்று நாட்டைவிட்டே ஓடவைத்தது!

மக்கள் வாக்களித்தனர். இஸ்லாமியக் கட்சியான எந்நஹ்தா 217 இடங்களில் 89 பெற்றது. 2014இல் புதிய அரசியல் சட்டம் பிறந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் அதே கட்சிக்குக் கிடைத்தவை 69 இடங்களே. வாளெடுத்ததா? இல்லை, வாக்குக்குத் தலைவணங்கிற்று! மதம் தடுத்ததா, தோழரே?

பின் ஏன் பட்டுப்போயிற்று அந்தப் பயிர்? பட்டம் பெற்றவன் வேலையின்றித் தெருவில் நின்றான், பசி தீரவில்லை. மன்றத்திலோ ஓயாத பூசல். அதனினும் பெரும்பிழை ஒன்றுண்டு. 12 நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட நீதிமன்றத்தை, தேர்தல் முடிந்த ஓராண்டுக்குள் அமைத்திட வேண்டும் என்றது சட்டம். “உன் ஆளா, என் ஆளா?” என்று கட்சிகள் மல்லுக்கட்டின, ஆண்டுகள் ஆறு கடந்தும் அமைக்கவில்லை. பயிரிட்டவர்களே வேலியிட மறந்தனர்!

2021 ஜூலை 25. “நாட்டுக்கு ஆபத்து” என்று கூறிப் பிரதமரை நீக்கினார், நாடாளுமன்றத்தை முடக்கினார், குடியரசுத் தலைவர் காயிஸ் சயீது. ஆபத்து மெய்யா, பொய்யா? உரைத்திட நீதிமன்றம் இல்லை. தடுத்திட வேண்டிய மக்களிலே பலர் தெருவில் ஆரவாரம் செய்தனர். நெஞ்சைச் சுடுவது அதுதான்! பின்னர் எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறை புகுந்தனர். 2024இல் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு வந்து வாக்களித்தோர் நூற்றுக்கு முப்பது பேர்கூட இல்லை.

மண்ணைப் பழிப்பது எளிது. 20 கோடிக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வாழும் இந்தோனேசியாவில், 1999 முதல் வாக்குச்சீட்டு ஆட்சியை மாற்றி வருகிறதே!

கட்சிக்காரர்களாகிய நமக்கு இதிலே பாடமுண்டு. நம் ஆள் அமராத நாற்காலியும் நாட்டுக்குத் தேவை. வெற்றி பெற்ற நாளிலே அதை மறப்பவன், வீழ்ந்த நாளிலே நீதி கேட்க வாயிலின்றி நிற்பான். வேலியை முதலில் போடுவோம், தோழரே!