வலிக்காத புண்



சென்ற திங்கள் ஒரு சிற்றூர்க் கூட்டம். ஐம்பதைக் கடந்த தோழர் ஒருவர் கொடிக்கம்பம் நட்டுவிட்டுத் திரும்பினார். அவர் நடந்த மணலிலே இரத்தத் துளிகள்! "காலில் ஆணி ஏறியிருக்கிறதே, அண்ணே!" என்றேன். குனிந்து பார்த்துச் சிரித்தார். "அப்படியா? வலிக்கவே இல்லையே, தம்பி!" பெருமையோடு சொன்னார் அவர், நடுங்கினேன் நான்.

வலிக்கவில்லை — அதுதானே ஆபத்து! நீரிழிவு நெடுநாள் நீடித்தால் பாதத்து நரம்பு உணர்விழக்கும், குருதிக்குழாய் குறுகும். முள் தைத்தாலும் தெரியாது, தீ சுட்டாலும் தெரியாது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், வேலூரிலே தொழுநோயாளர் கால்களை ஆராய்ந்து கண்டதென்ன? சதை தானாக அழுகுவதில்லை. வலியெனும் காவற்காரன் இல்லாமையால், புண்பட்ட இடத்தையே மீண்டும் மீண்டும் மிதித்து மனிதன் அழித்துக்கொள்கிறான்! பின்னாளில் அமெரிக்கா சென்றவர், நீரிழிவுக் கால்களுக்கும் அவ்வுண்மையைப் பொருத்திக் காட்டினார். ஆகவே, புண்ணுக்கு மருந்து பாதி. அதன்மீது பாரம் ஏற்றாதிருத்தல் பாதி.

இனிப்பைக் குறைக்க வேண்டும் என்பது நம்மவர்க்குத் தெரியும். நாள்தோறும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும் என்பது தெரியாது. மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் வாங்குகிறார்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுகிறார்கள். மஞ்சளை அப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

தெரிந்தவரோ மருத்துவமனை வாயிலை மிதிக்க அஞ்சுகிறார். "போனால் காலை எடுத்துவிடுவார்கள்!" காலங்கடந்து போனவர்களைக் கண்டு பிறந்த அச்சம் அது. சிறு புண்ணோடு சென்று முழுக்காலோடு திரும்பியவனைப் பற்றி ஊர் பேசுவதில்லையே!

அச்சத்தை மட்டும் பழிப்பது அறமாகுமா? வரிசையில் நின்றால் அன்றையக் கூலி போகிறது. அதை யார் தருவார்? கட்டு மாற்ற மறுபடி வா என்று சொல்வது எளிது. இரண்டு பேருந்து மாறி வருபவனுக்கல்லவா தெரியும் அருமை! 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாயிலுக்குக் கொண்டு சென்றது. வேலை முடிந்து வருபவனுக்கு அந்தியிலே கட்டு மாற்ற ஊர்தோறும் வழி வேண்டுமென நாம் கேட்போம், உரக்கக் கேட்போம்.

கேட்டது கிடைக்கும்வரை நீ வாளாவிருப்பதா? மாநாட்டுக்கு ஆள் திரட்டத் தெரிந்தவனாயிற்றே நீ! உன் கிளையிலே நீரிழிவுக்காரர் எத்தனை பேர்? அவர்களுள் எவர் பாதத்தையேனும் பார்த்ததுண்டா? வீடு வீடாகப் போ. புண் கண்டால் அன்றே அழைத்துச் செல். வரிசையில் உடன் நில்.

அந்த அண்ணனை அன்றிரவே அழைத்துச் சென்றேன். செருப்பில்லாமல் நடக்கவே கூடாது என்றார் மருத்துவர். அண்ணன் என்னைப் பார்த்தார். அவரிடம் செருப்பே இல்லை.