பழைய பதிவை அழிக்கும் முன் ஒரு கேள்வி



உங்களில் பலர் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் கம்ப்யூட்டர் பொறுப்பில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லாக் ஃபைல் என்பது கம்ப்யூட்டர் தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. யார் உள்ளே வந்தார், எந்தக் கருவி எப்போது நின்றது, எல்லாம் அதில் இருக்கும். கவனிக்காமல் விட்டால் டிஸ்க் நிறைந்து சர்வரே நின்றுபோகும். அதற்காக லினக்ஸில் 'லாக்ரொட்டேட்' என்ற நிரல் உண்டு. பழைய ஃபைலை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும். எண்ணிக்கை மிஞ்சினால் மிகப் பழையதை அழித்துவிடும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் எத்தனை நாள் வைப்பது? உபுண்டு போன்றவற்றில் வாரத்துக்கு ஒன்றாக நான்கு பழைய ஃபைல் என்றே அமைத்து வரும். ஏறக்குறைய ஒரு மாதம். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்போ 2022 ஏப்ரலில் 180 நாள் வைக்கச் சொல்லிவிட்டது. அதுவும் நம் ஊருக்குப் போதாது என்பேன்.

பாலாற்று மாசு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது 1991இல். தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28. அதே மாசு, அதே இழப்பீடு பற்றி 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் ஒரு தீர்ப்பு. இங்கே கேள்விகள் முப்பது ஆண்டு கழித்தும் வரும். கழிவுநீரை இணையவழியில் கண்காணிக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்ட 17 வகைத் தொழில்களில் தோல் பதனிடுதலும் ஒன்று. அந்த மீட்டர் எப்போது நின்றது, யார் திருத்தினார் என்ற பதிவு நேர்மையான முதலாளிக்கும் சாட்சி, கிணறு கெட்ட விவசாயிக்கும் சாட்சி.

நம் அரசு அலுவலகங்களில் கோப்பு முடியும்போதே ஓ.மு., மூ.மு., ப.மு. என்று எழுதுவார்கள். ஓராண்டா, மூன்றாண்டா, பத்தாண்டா என்பதை விஷயம் பார்த்து ஒரு மனிதர் முடிவு செய்கிறார். லாக் ஃபைலுக்கும் அதுவே முறை. சாதாரணப் பதிவு ஆறு மாதத்தில் போகட்டும். மீட்டர் பதிவைச் சுருக்கித் தனி டிஸ்க்கில் பல ஆண்டு வையுங்கள். எழுத்துப் பதிவு சுருக்கினால் மிகச் சிறிதாகிவிடும், செலவு பெரிதில்லை.

இந்த வாரம் உங்கள் சர்வரில் அந்த எண்ணைப் பாருங்கள். யார் முடிவு செய்தது என்று கேளுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். மார்க் குறைக்க மாட்டேன்.