பேரேட்டில் உறங்கிய பெயர்



"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. பிறர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர் எத்துணைக் கவனமாக அளக்க வேண்டும் என்பதை நான் ஒரு நீதிமன்ற அலுவலகத்தில் கற்றேன். கற்பித்தவர் ஒரு தலைமை எழுத்தர். நான் அங்கே போக நேர்ந்ததோ என் சொந்தக் குற்றத்தால்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் தபால்காரர் ஒரு கடிதத்துடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். "அந்த அம்மா வீட்டைக் காலி செய்து போய்விட்டார்கள், சாமி. உங்களுக்கு விலாசம் தெரிந்திருக்குமே" என்றார். சாலை விபத்தில் கணவரை இழந்த நம் பங்குப் பெண் ஒருவருக்கு நீதிமன்றம் அனுப்பிய அறிவிப்பு அது. ஏதோ வாய்தாச் செய்தி என்று எண்ணி, அருகிலிருந்த ஞானஸ்நானப் பதிவேட்டினுள் வைத்தேன். வைத்தேன், மறந்தேன். செப்டம்பர் இறுதியில் ஒருவருக்குச் சான்று எழுதப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் அது கீழே விழுந்தது.

மறுநாளே அந்த அம்மையாரைத் தேடிப் பிடித்து, இருவருமாக நீதிமன்றம் சென்றோம். அங்கே அவர் பெயரில் 1,12,000 ரூபாய்க்குக் காசோலை எழுதப்பட்டு, வாங்க ஆளின்றிக் கிடந்தது. விண்ணப்பம் போட்ட வழக்கறிஞர் காலமாகிவிட்டார். செய்தி இவருக்கு எட்டவில்லை. காசோலைக்கு மூன்று மாதமே ஆயுள் என்பது 2012 ஏப்ரல் முதல் உள்ள விதி. ஆகவே அது செல்லாக் காகிதமாகிவிட்டது. புதிதாக மனுச் செய்ய வேண்டும்.

தலைமை எழுத்தர் பொறுமையானவர். பேரேட்டைத் திறந்து காட்டி விளக்கினார்:

"சாமி, இங்குள்ள பணத்தில் ஒரு காசுகூட எங்களுடையது அன்று. அதனால் மூன்று கணக்குகள் ஒத்துப்போக வேண்டும். அன்றாட வரவு செலவுக்கு ரொக்க ஏடு. வங்கி தரும் செல்லேடு. ஒவ்வொரு வழக்குக்கும் தனிப் பக்கமுள்ள பேரேடு. மொத்தம் சரியாக இருந்தால் போதாது. ஒரு விதவையின் 50,000 ரூபாயை வேறொருவர் பக்கத்தில் எழுதிவிட்டாலும் மொத்தம் மாறாது. வங்கியும் குறை சொல்லாது. ஆனால் ஒரு குடும்பத்துக்குக் குறைந்திருக்கும், ஒரு குடும்பத்துக்குக் கூடியிருக்கும். பக்கம் பக்கமாகக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்."

இலக்கம் இடம் மாறுவதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழியையும் சொன்னார். 5,400 என்பதை 4,500 என எழுதினால் வித்தியாசம் 900. இப்படி அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால், வித்தியாசம் எப்போதும் 9ஆல் மீதியின்றி வகுபடுமாம். பணம் வாங்குபவர் ஒருவர், ஏட்டில் எழுதுபவர் ஒருவர், ஒப்புநோக்குபவர் வேறொருவர் என்றிருப்பதே நல்ல முறை என்றார். ரத்தான ரசீதையும் கிழித்தெறியாமல் புத்தகத்திலேயே வைக்க வேண்டுமாம். "இது ஊழியர் மீதுள்ள அவநம்பிக்கை அன்று, சாமி, நேர்மையானவருக்கு இதுவே காவல்."

ரொக்க ஏட்டிற்கும் செல்லேட்டிற்கும் மாத இறுதியில் வித்தியாசம் வருவது இயல்பு. எழுதிய காசோலை வங்கிக்குப் போகாதிருக்கலாம். அத்தகையவற்றை வரிசைப்படுத்துவதே வங்கிச் சரிகட்டும் பட்டியல். அந்தப் பட்டியலில், "வழங்கப்பட்டு, வங்கியில் செலுத்தப்படாதவை" என்ற தலைப்பின் கீழ், இந்த அம்மையாரின் காசோலை எண் மாதந்தோறும் எழுதப்பட்டு வந்தது. கணக்கு சரியாகவே இருந்தது. எனவே எவரும் ஐயுறவில்லை. தணிக்கைக்கு வந்தவர்தாம், "இந்த வரி ஏன் ஏழு மாதமாக நகரவில்லை? இது யாருடைய பணம்?" என்று கேட்டாராம். அக்கேள்விக்குப் பின்னரே அறிவிப்பு புறப்பட்டது. அதுதான் என் பதிவேட்டினுள் நான்கு மாதம் உறங்கியது.

இவ்வாறு உறங்கும் பணம் நாடெங்கும் உண்டு. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தொகைகள் கேட்பாரற்றுக் கிடப்பதை உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து, 2025 ஏப்ரலில் நெறிமுறைகள் வகுத்தது. மனுவிலேயே முகவரி, ஆதார், வங்கிக் கணக்கு விவரங்களைப் பெற வேண்டும். தொகை நேரே உரியவர் கணக்கிற்குச் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆயினும் குடும்பத்தாராகிய நமக்கும் கடமை உண்டு. வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், வழக்கறிஞரின் பெயர் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வீடு மாறினால் எழுத்து மூலம் தெரிவியுங்கள். சிறு பிள்ளைகளின் பங்கு வங்கியில் வைப்பாக இருக்குமாயின், அவர்களுக்கு 18 வயது நிறையும் நாளைக் குறித்து வையுங்கள். நீதிமன்ற வைப்பு நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்து அரசுக் கணக்கிற்கு மாற்றப்பட்டாலும் மனம் தளர வேண்டாம். உரியவர் மனுச் செய்து மீட்க வழியுண்டு.

திரும்பும் வழியில் பேருந்தில் அந்த அம்மையார் சொன்னார்: "மகளை நர்சிங் படிப்பில் சேர்க்க ஜூன் மாதம் 40,000 ரூபாய் கடன் வாங்கினேன், சாமி. மூன்று வட்டி." மாதம் 1,200, நான்கு மாதத்திற்கு 4,800 ரூபாய். தம் பணம் நீதிமன்றத்தில் இருக்க, பிறர் பணத்திற்கு வட்டி கட்டியிருக்கிறார். அவர் என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அந்த 4,800 ரூபாய் எந்தத் தணிக்கையிலும் அகப்படாது. ஆனால் அது யார் பற்றில் எழுதப்பட வேண்டியது என்பதை நான் அறிவேன்.

அன்பர்களே, பிறருக்குச் சேர வேண்டிய கடிதமோ காகிதமோ காசோ உங்கள் வீட்டுப் பெட்டியிலும் உறங்கிக்கொண்டிருக்கலாம். இன்று மாலையே திறந்து பாருங்கள்.