எண்ணத் தலை உண்டு. வாக்களிக்கக் கை இல்லையா?

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்கு 2026ஆம் ஆண்டுடன் 250 ஆண்டுகள். அதையொட்டி அந்நாட்டின் ஆதி வரலாறு எங்கும் பேசப்படுகிறது. மாந்தர் அனைவரும் சமம் என்று எழுதிய ஜெபர்சன், அடிமைகளையும் வைத்திருந்தாராமே என்று நம்மவர் பலரும் மூக்கின்மேல் விரல் வைக்கின்றனர். வைக்கட்டும். அந்த விரலைச் சற்றே பதுளைப் பக்கமும் நீட்டுமாறு கேட்கிறோம்.

1787இல் பிலடெல்பியாவில் கூடி அரசியலமைப்பு வகுத்த பெருமக்கள், அடிமைகள் ஐவரை மூவராகக் கணக்கிட்டனர். எதற்காக? அடிமைக்கு வாக்களிக்கவா? ஆண்டைமாரின் மாநிலங்களுக்கு ஆசனங்களைக் கூட்டிக் கொடுக்க! புகையிலைத் தோட்டத்தில் முதுகொடிந்தவனின் தலையைக் காட்டிப் பெற்ற ஆசனத்தில், அவனை வாங்கி விற்றவன் போய் அமர்ந்தான்.

இந்த நாட்டில் நடந்ததென்ன? சோல்பரி அரசியலமைப்பு 75,000 பேருக்கு ஓர் ஆசனம், ஆயிரம் சதுரமைலுக்கு ஓர் ஆசனம் என்று மாகாணங்களுக்குப் பங்கிட்டது. ஊவாவின் தேயிலை மலைகளில் உழைத்த நம் மக்களும் அந்தத் தலைக்கணக்கில் அடக்கம். 1947இல் அவர்கள் வாக்களித்தனர்; தொண்டமான் முதலானோர் பாராளுமன்றம் புகுந்தனர். பொறுப்பார்களா? 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டத் திருத்தம் வந்தது. 1952 தேர்தலின்போது, நம் தலைகளை எண்ணி வகுத்த ஆசனங்கள் அப்படியே இருந்தன. தலைக்குரியவரிற் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பில் இல்லை! அமெரிக்கன் ஐந்தில் இரண்டையாவது தள்ளிவிட்டு எண்ணினான். இங்கே முழுத் தலையையும் எண்ணிக்கொண்டு முழு வாக்கையும் பறித்தார்கள்.

அந்நியருக்கு ஏது வாக்கு என்றனர். 1790இல் அமெரிக்கா, ஈராண்டு வாழ்ந்திருந்தாற் போதும் என்று வெள்ளையருக்குக் குடியுரிமைக் கதவைத் திறந்தது. நிறவெறிச் சட்டம்தான், ஐயமில்லை. ஆனால் இங்கோ 1949ஆம் ஆண்டுச் சட்டம், 1946க்கு முன் ஏழாண்டு, மணமாகாதவராயின் பத்தாண்டு, இடையறாது வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. பெரட்டுக்களத்திற் பெயர் கொடுத்த கிழவியிடம் பத்திரம் கேட்டால் அவள் எங்கே போவாள்? பின்னர் 1964இல் இரு பிரதமர்கள் கூடி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று மூட்டை பிரித்தனர். பதுளையில் ரயிலேறியோர் பலர் தலைமன்னாரிற் கப்பலேறினர்.

இருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வழக்கு முடிந்தது. வாக்கு வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை என்போருக்குச் சொல்கிறோம்: குறை காணியில் இருக்கிறது. ஆதி அமெரிக்காவில் மாநிலங்கள் பலவற்றில் சொத்துள்ளவனுக்கே வாக்கு. நம் மக்களுக்கு வாக்கு உண்டு, குடியிருக்கும் லயத்தடி மண்ணில் ஒரு சாண் உரிமை இல்லை! அவர்கள் வாக்களித்து அமைத்த பிரதேச சபைகூடத் தோட்டத்துக்குள் பணம் செலவிடத் தடையாயிருந்த சட்டம், 2018இல்தான் திருத்தப்பட்டது.

2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாயம் என்று முன்னரே எச்சரித்திருந்தார்களே, ஏன் விலகவில்லை என்று கேட்டனர் சிலர். விலகி எங்கே செல்வது, ஐயா? எந்தக் காணிக்கு?

ஊவாத் தோட்டக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும், சரியாத நிலத்தில், அதன் பெயரிலேயே காணி உறுதி எழுதித் தாருங்கள். ஜெபர்சனின் குற்றங்களைப் பிறகு சேர்ந்தே விசாரிப்போம்.